சிறுதேரும் தீப்பெட்டி லாரியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மாணவன் ஒருவன் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டைத் தேடி வந்தான். 'ஒருவன்' என்று எழுதுகிறேனே தவிர, அவனுக்கும் வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. காதோரம் நரை. கையில் பெரிய அட்டைப்பெட்டி. ஏதோ பழம்தான் வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"வாப்பா, உட்காரு. எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சார், கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து ஊஞ்சல் பலகையில் வைத்தான்.

உள்ளே நம்ம ஊர் டவுன் பஸ். 1-ஆம் நம்பர். முன்னால் 'ஸ்ரீரங்கம்' என்று பலகை. நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் கம்பி, கண்டக்டர் சீட், படிக்கட்டுக் கைப்பிடி, ஓட்டுநர் தலைக்கு மேலே சாமி படம், அதற்குச் சின்னதாக ஒரு மாலை. பின்பக்கம் சேறு தெறித்த கறைகூட இருந்தது. பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தெறித்தானாம். சுவிட்சைத் தட்டினால் உள்ளே விளக்கு எரிகிறது. பஸ் முழுக்க ஃபோம் ஷீட், அக்ரிலிக் ஷீட், ஃபெவிக்விக், ஸ்டிக்கர். சத்திரம் பேருந்து நிலையத்தில் நாலு நாள் நின்று, டேப் வைத்து நிஜ பஸ்ஸை அளந்திருக்கிறான். எதற்கு அளக்கிறான் என்று ஒரு டிரைவர் சண்டைக்கு வந்துவிட்டாராம். விஷயம் தெரிந்த பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாராம்.

"இதெல்லாம் 1:24 சார். நிஜ வண்டியில 24 இஞ்ச் இருந்தா இதுல 1 இஞ்ச்."

இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறைய இளைஞர்கள் இப்படிப் பஸ், லாரி செய்கிறார்கள் என்று சொன்னான். யூடியூபில் காட்டினான். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்குன்னு என் மச்சான் கிண்டல் பண்றான் சார். நம்ம ஊர்ல இதுக்கு ஏதாவது வரலாறு இருக்கா?"

அவனுக்குச் சொன்னதையும், அவன் போன பிறகு அலமாரியைக் கிளறிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு நான் ஒரு கடனும் பட்டிருக்கிறேன். அது பின்னால் வரும்.

முதலில் ஒரு சங்கதி. மண்ணுக்கடியில் நிஜ வண்டி நிற்காது. மரம் மக்கிப்போகும். சுட்ட மண் நிற்கும். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் தோண்டியபோது குழந்தைகள் விளையாடிய சுடுமண் வண்டிகளும் அவற்றின் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்தன. நாலாயிரம் வருஷத்துக்கு முன் அங்கே ஓடிய மாட்டு வண்டி எப்படி இருந்தது, அதற்கு எத்தனை சக்கரம், ஆரக்கால் உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் இந்தப் பொம்மைகளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பெரிய வண்டிக்கு இன்றைக்குச் சாட்சி சொல்வது சின்ன வண்டிதான். 1974-ல் மகாராஷ்டிரத்தில் தைமாபாத் என்ற ஊரில் வெண்கல ரதம் ஒன்று கிடைத்தது. இரண்டு காளை பூட்டி, ஒரு ஆள் நின்றுகொண்டு ஓட்டுகிற மாதிரி. நீளம் முக்கால் முழத்துக்கு மேல் ஒரு முழத்துக்குள். அது பொம்மையா, பூஜைக்குரியதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எதுவானாலும் செய்தவன் நிஜ வண்டியை நன்றாக உற்றுப் பார்த்தவன்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் பொம்மைத் தேர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கும். வகுப்பில் நானே இந்த வரிகளை 'உரை எழுதுக' என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பொம்மை இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பட்டினப்பாலையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தை வர்ணிக்கிறார். வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. காவலுக்கு இருக்கிற பெண் கல்லைத் தேடவில்லை. காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறாள். அது தெருவில் போய் விழுகிறது. அந்த நேரம் காலில் பொன் சிலம்பு போட்ட சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை, குதிரை இல்லாமல் கையால் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். குழை குறுக்கே கிடந்து தேரைத் தடுக்கிறது. அந்த ஊரில் தடை என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான் என்பது புலவர் சொல்ல வருவது. ஊர் பணக்கார ஊர் என்பதைச் சொல்ல எல்லோரும் குழையைத்தான் காட்டுவார்கள். நான் தேரைக் காட்டச் சொல்கிறேன். நம் அம்மா மண்டபம் படித்துறையைத் தொட்டுக்கொண்டு போகிற இதே தண்ணீர்தான் அந்த ஊருக்கும் போனது.

மூன்று சக்கரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு நடைவண்டி. குழந்தை நடை பழக முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சக்கரம் வைத்துத் தச்சர் செய்து கொடுப்பாரே, அதே. இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேடுபள்ளமான தரையிலும் மூன்று சக்கரம் ஆடாமல் நிற்கும். நாலு சக்கரம் வைத்தால் ஒன்று அந்தரத்தில் தொங்கும். இது பொம்மைத் தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே உருத்திரங்கண்ணனார்தான் பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல். அங்கே ஒரு வளமான மருத நிலத்து வீடு. ஏறிப் போக முடியாத அழகிய சிறுதேரை உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளை, செவிலியைத் தழுவிப் பால் குடித்துவிட்டுப் படுக்கையில் தூங்குகிறது. அந்தத் தேர் எப்படிப்பட்டது என்று சொல்லும்போதுதான் புலவர் ஒரு சொல் வைக்கிறார்: தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிற்கும். தச்சன் செய்கிறான். அவன் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, மரச்சீவலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறது. தேர் வேறு வீட்டுக்குப் போகிறது. வேலையின் நயத்தைச் சொல்லத்தான் புலவர் அப்படிச் சொன்னார் என்று உரைகாரர் வழி பொருள் சொல்லலாம். சரிதான். ஆனாலும் அந்தப் பிள்ளையின் கண் எனக்குத் தெரிகிறது.

குறுந்தொகை 61-ஆம் பாட்டு தும்பிசேர் கீரன் பாடியது. அங்கேயும் தச்சன் செய்த சின்னக் குதிரை வண்டிதான். அதில் ஏறிச் சவாரி போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்ந்துபோகிறார்கள். அதுபோல, தலைவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவன் நட்பே போதும், எங்கள் வளை கழலாமல் நிற்கிறது என்று சொல்கிறாள் தோழி. காதலுக்கு உவமை சொல்ல வந்தவர் பொம்மை வண்டியின் குணத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டார். ஏறிப் போக முடியாத வண்டி. ஆனால் சந்தோஷம் குறையாது. என் மாணவனின் பஸ்ஸில் யாரும் ஏற முடியாது. டிக்கெட்டும் கிடையாது.

வடமொழியிலும் இப்படி ஒரு புகழ்பெற்ற வண்டி உண்டு. சூத்திரகரின் மிருச்சகடிகம்; அந்தப் பெயருக்கே 'சின்ன மண் வண்டி' என்றுதான் பொருள். ஏழையாகிப்போன சாருதத்தனின் மகன், பக்கத்து வீட்டுப் பையனின் தங்க வண்டியைப் பார்த்துவிட்டு, தன் மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் போட்டு, தங்க வண்டி செய்துகொள் என்கிறாள். நாடகத்தின் முடிச்சு முழுக்க அந்த நகைகளில் சிக்குகிறது. அங்கேயும் வண்டி இல்லாத பிள்ளை அழுகை.

பிறகு பிள்ளைத்தமிழ் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் பெரும்பாலும் கடைசியாக வருவது சிறுதேர்ப் பருவம். சின்னத் தேரை உருட்டி விளையாடும்படி பாட்டுடைத் தலைவனை அழைப்பது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடியதிலிருந்து இந்த வழக்கம் நிற்காமல் வருகிறது. நம்ம ஊர்க்காரரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பல பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் அவற்றில் பெயர் பெற்றது. அவர் திருச்சியில் வெகுகாலம் இருந்து, பிறகு மாயூரம் போனவர். அவரிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டது 1889-ல். ஆசிரியர் காலமாகிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆசிரியர் பாடிப் பாடிப் பழகிய சிறுதேரின் பழைய வீட்டை மாணவர் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று சொல்வேன்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். சிறுதேர் ஆண்பாலுக்கு மட்டும். பெண்பால் பிள்ளைத்தமிழில் அந்த இடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல். பெண் குழந்தை கட்டுகிற மணல் வீட்டைச் சிதைக்காதே என்று பையனிடம் கெஞ்சுவதற்குச் சிற்றில் பருவம் வேறு. பெண்ணுக்கு வண்டி கொடுக்கக்கூடாது என்று யார் சொன்னது? ஆனால் நவராத்திரிக் கொலுவில் பாருங்கள். படிக்குக் கீழே 'பார்க்' கட்டுவது யார்? எங்கள் வீட்டில் என் அக்காதான். கேழ்வரகு முளைவிட்ட மண், கண்ணாடித் துண்டில் குளம், சாம்பலில் ரோடு, ரோட்டில் பிளாஸ்டிக் அம்பாசிடர், ரயில்வே கேட். காருக்குத் தக்கபடி ரோடு அகலம் வேண்டும், மனுஷப் பொம்மை காரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று எங்களை அதட்டுவாள். கார் ஒரு அளவு, செட்டியார் பொம்மை ஒரு அளவு என்று இருந்தால் செட்டியாரைப் படிக்கு மேலே ஏற்றிவிடுவாள். ஸ்கேல் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது.

ஸ்கேல் என்றால் நம்மவர்களுக்குப் புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிற்ப சாஸ்திரத்தில் தாலமானம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. உத்தம தச தாலத்தில் ஒரு விக்கிரகத்தின் மொத்த உயரத்தை 124 பங்காக்குவார்கள். அந்த ஒரு பங்குதான் அந்தச் சிலைக்கு அங்குலம். முகம் எத்தனை பங்கு, கை எத்தனை பங்கு என்பதெல்லாம் அந்த அங்குலத்தில்தான். சிலை ஒரு ஜாண் இருந்தாலும் ஒன்பது அடி இருந்தாலும் கணக்கு மாறாது, அங்குலம்தான் மாறும். மானசாரம் என்ற சிற்ப நூலில் தேர் இலக்கணத்துக்கே ஒரு அத்தியாயம் உண்டு. பெரியதைச் சின்னதாக்க விகிதம் தெரிய வேண்டும் என்ற அறிவு நம் ஸ்தபதிகளுக்குப் பழையது.

நம் மாவட்டத்துக் கைத்தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஏரி குளங்களில் வளரும் நெட்டியைச் சீவி, கோயில் கோபுரம், மண்டபம், தேர் என்று மாதிரி செய்வது தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து வேலை. பார்த்தால் தந்தத்தில் செய்தது போல இருக்கும். தூக்கினால் காற்று. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது வாங்கிப் போனார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும், அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரும்பாவூர் இன்று பெரம்பலூர் மாவட்டம். 1995 வரை நம் திருச்சி மாவட்டம்தான்.

இனி ஆடிப் பதினெட்டு. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஆடிப்பெருக்கன்று பெண்கள் முளைப்பாரியோடும் காதோலை கருகமணியோடும் ஆற்றுக்குப் போவார்கள். பையன்களாகிய எங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. எங்களுக்குச் சப்பரம். ஒரு பலகை, நாலு மரச் சக்கரம், மேலே மூங்கில் பிளாச்சில் வளைவு, அதில் கலர் காகிதம், நடுவில் ஏதாவது ஒரு சாமி படம், முன்னால் இழுக்கக் கயிறு. நாலு நாளைக்கு முன்பே கடையில் வந்து தொங்கும். வாங்க வசதி இல்லாதவர்கள் வீட்டில் செய்துகொள்வோம். உண்மையில் கடைச் சப்பரத்துக்கு மதிப்புக் குறைவு. யார் சப்பரத்தில் அடுக்கு அதிகம், யாருடையது மேட்டில் குடைசாயாமல் போகும் என்பதில்தான் போட்டி. உயரம் கூட்டினால் சாயும். அகலம் கூட்டினால் சந்தில் திரும்பாது. அடியில் செங்கல் கட்டினால் சாயாது, ஆனால் இழுக்கிறவன் மூச்சு வாங்கும். புவியீர்ப்பு மையம் என்ற பாடத்தை நான் பின்னால் எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்து நடத்தினேன். ஆடிப் பதினெட்டில் தெருவில் கற்றதைத்தான் நடத்தினேன். கண்டது கேட்டது எல்லாம் ஒட்டி, மாற்றி, இருக்கிற வண்டியை நம்முடையதாக ஆக்குவதற்குப் பெயர் இப்போது 'கஸ்டமைஸ்'. நாங்கள் 'ஜோடனை' என்றோம்.

மற்ற நாளெல்லாம் நுங்கு வண்டி. இரண்டு நுங்குக் கூந்தல், நடுவே குச்சி, தள்ள ஒரு கவைக்கொம்பு. பிறகு சைக்கிள் டயர். அதற்கும் பிறகு கொஞ்சம் 'டெக்னிக்கல்' ஆனவர்கள் தீப்பெட்டி லாரிக்குப் போவார்கள். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டியிலிருந்து வந்த அந்தக் காலத்துத் தீப்பெட்டி மரச்சீவலில் செய்தது. நல்ல உறுதி. இரண்டை ஒட்டினால் பாடி, ஒன்றைக் குத்தாக வைத்தால் கேபின். தேய்ந்த ரப்பர் செருப்பில் இங்க் பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்து பிளேடால் வெட்டினால் டயர். ஈர்க்குதான் ஆக்சில். ஈர்க்கைப் பால்பாயிண்ட் ரீஃபில் துண்டுக்குள் விட்டுச் சுழலவைத்தால் அவன் இன்ஜினியர். பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' எழுதாத லாரி லாரியே இல்லை.

இங்கிலாந்துக் கதையையும் கேளுங்கள். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி, தன் பொம்மை ரயிலுக்குத் துணையாக 1933 கடைசியில் சின்னக் கார், லாரிகளை வெளியிட்டது. 1934-ல் அதற்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர். ரயிலில் 7 மில்லிமீட்டர் ஒரு அடி என்ற கணக்கு இருந்தது. ஒரு அடி 304.8 மில்லிமீட்டர், ஏழால் வகுத்துப் பாருங்கள், 43 சொச்சம். உலகம் முழுக்க இன்றும் 1:43 என்று கார் பொம்மை வருவதற்கு வேர் அங்கேதான். நம் அம்பாசிடரை 1:43-ல் செய்தால் பத்து சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும்.

லண்டனில் லெஸ்னி என்ற சின்னப் பட்டறை. அதில் ஜாக் ஓடெல் என்பவர் பங்குதாரர். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. மகளுக்காகப் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்துதான் 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் வந்தன. அவர்கள் தீப்பெட்டிக்குள் வண்டியை வைத்தார்கள். நாம் தீப்பெட்டியையே வண்டி ஆக்கினோம். அந்தப் பட்டறைக்குப் பெரிய பணம் கொட்டியது அதே 1953-ல், ராணி எலிசபெத் முடிசூட்டு விழாவுக்காகச் செய்த குட்டி ராஜ ரதத்தில். அங்கேயும் முதலில் தேர்தான்! ஆனால் ஒரு விஷயம்: மேட்ச்பாக்ஸில் காரானாலும் பஸ்ஸானாலும் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அதை ஸ்கேல் என்று என் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

டிங்கியில் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. எஸ். குமார் கம்பெனி அவற்றில் 'நிக்கி டாய்ஸ்' என்று வார்த்து விற்றது. லிவர்பூல் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. கல்கத்தாவிலேயே 'மேக்ஸ்வெல்' என்ற பெயரிலும் குட்டி வண்டிகள் வந்தன. 1980-களில் லியோ வந்தது. அமெரிக்க மாட்டெலோடு சேர்ந்து ஹாட் வீல்ஸை இங்கேயே செய்தது. 1987-ல் நம் எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல். இப்போது சென்டி டாய்ஸ் அம்பாசிடர், ஆட்டோ, அரசுப் பஸ் வரை விற்கிறது. திருச்சியில் எங்கள் தலைமுறைக்கு இவை கடைக் கண்ணாடிக்குள் இருந்தவை. நிஜமான 'ஃபாரின்' கார் சிங்கப்பூரிலிருந்து வருகிற யாராவது மாமா பெட்டியில்தான் வரும். வந்தாலும் ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டிய அமெரிக்கக் கதை. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி என்ற கார் பாடி கட்டும் பிரிவு 1930-ல் பையன்களுக்காக ஒரு போட்டி தொடங்கியது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மென்ஸ் கில்டு என்று பெயர். தங்கள் முத்திரையில் இருந்த நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை அச்சு அசலாகச் சின்ன அளவில் செய்து அனுப்ப வேண்டும். மறுபடியும் ராஜ ரதம். சில வருஷத்தில், சொந்தமாக வடிவமைத்த கார் மாதிரியையும் அனுப்பலாம் என்று விதி மாறியது. 1968 வரை நடந்தது. ஜெயித்தவர்களுக்குக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. அதில் கலந்துகொண்ட பலர் பிற்பாடு கார் கம்பெனிகளிலேயே டிசைனர் ஆனார்கள். (பெண்களுக்கு அங்கேயும் இடமில்லை.) 1958-ல் ஏ.எம்.டி. கம்பெனி, ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் கார் கிட் கொண்டுவந்தது. பம்பரை மாற்று, கூரையை வெட்டு, உன் இஷ்டத்துக்குச் செய் என்று. அதோடு அது பையன்கள் விளையாட்டு என்ற நிலை போய், பெரியவர்கள் மேஜைக்கு வந்துவிட்டது.

அங்கே பொம்மை லாரி செய்த பையனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள். இங்கே நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

1988. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். நாலாம் வகுப்பு, பெருக்கல் வாய்ப்பாடு. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் டெஸ்க்குக்கு அடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். தீப்பெட்டி லாரி. ஆறு சக்கரம், பின்னால் இரட்டை டயர், ஏற்றிய சரக்குக்கு மேல் பழைய குடைத் துணியில் தார்ப்பாய், நூலில் கயிறு. நம்பர் பிளேட்டில் நம்பர்கூட எழுதியிருந்தான். அன்று காலை ஆய்வாளர் வருகிறார் என்ற பதற்றம் எனக்கு. வகுப்பு முன்னால் அதைக் கையில் நசுக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். பையன் அழவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்பா லாரி டிரைவர் என்பதும், அந்த நம்பர் அப்பா ஓட்டுகிற வண்டியின் நம்பர் என்பதும், அவர் வடக்கே லோடு கொண்டுபோய் அப்போது ஒரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்பதும் எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அவன் அம்மா சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஆசிரியர் பயிற்சியில் 'கற்பித்தல் துணைக்கருவி' என்று நாங்கள் மாதிரிகள் செய்து காட்டி மதிப்பெண் வாங்க வேண்டும். தெர்மாகோலில் மலைக்கோட்டை செய்து பாராட்டு வாங்கியவன் நான். என்னுடைய மலைக்கோட்டைக்குப் படிக்கட்டு எண்ணிக்கையும் சரியில்லை, உயரமும் சரியில்லை. அந்தப் பையனின் லாரியில் எல்லாம் சரியாக இருந்தது. கையில் நசுங்கும்போதே அது எனக்குத் தெரிந்தது.

பஸ் கொண்டுவந்தவன் அவன்தான் என்று ஊகித்திருப்பீர்கள். இத்தனை வருஷத்தில் பல தடவை என்னைப் பார்க்க வந்திருக்கிறான். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்று நானே எடுத்தேன். "அந்த லாரி ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

"இருக்கு சார். ஆனா ஸ்கேல் தப்பு. கேபின் பெருசா போச்சு" என்றான்.

அவன் அப்பா இப்போது இல்லை. அவர் ஓட்டிய வண்டி அசோக் லேலண்ட். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. அவர்களின் ஆரம்பகாலக் காமெட் லாரியைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காமெட்டின் இங்கிலாந்து அண்ணனை டிங்கியும் பொம்மையாகச் செய்திருக்கிறது. அப்பா ஓட்டிய மாடலை, நாமக்கல்லில் கட்டிய பாடியோடு 1:24-ல் செய்ய வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறான். ஒரே ஒரு பழைய போட்டோதான் இருக்கிறது. அதில் அப்பா கதவில் சாய்ந்து நிற்கிறார். அப்பாவின் உயரம் தெரியும். அதை வைத்துப் போட்டோவில் கதவின் உயரம், கதவை வைத்து கேபின், கேபினை வைத்து டயர் என்று கணக்குப் போட்டிருக்கிறான். விகித சமம். நாலாம் வகுப்பில் நான் நடத்தாத பாடம்.

ஆனால் அதற்கு முன் வேறு ஒன்று செய்யலாம் சார் என்றான். சித்திரைத் தேர். 1:24.

இரண்டு வாரமாக அந்த வேலைதான் நடக்கிறது. சாயங்காலம் கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்துக்குப் போகிறோம். அவன் போட்டோ எடுக்கிறான். நான் நோட்டில் குறிக்கிறேன். பூ விற்கும் அம்மா முதல் நாள் எங்களை ஏதோ அளவை அதிகாரிகள் என்று நினைத்து, கடையை உள்ளே தள்ளி வைத்தார். சக்கரத்துக்கு அரும்பாவூரிலிருந்து மரம் வாங்கி வந்தாயிற்று. மேலே சீலைக்குப் பழைய பட்டு ரவிக்கைத் துண்டுகள் என் அக்கா அனுப்பியிருக்கிறாள். நாலு குதிரைக்கும் நெட்டி.

வடத்தில்தான் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. நான் தேங்காய் நார் என்கிறேன். 24-ஆல் வகுத்தால் நாரில் அத்தனை மெல்லிசாகத் திரிக்க முடியாது, பருத்தி நூல்தான் என்கிறான் அவன்.